பதிமூன்று பைகள்

அடுத்த மாதம் முதல் தடவையாக மலை முகாமுக்கு ஏறப் போகும் தாதிகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கையை எப்படிக் கழுவுவது, குழாயின் வாயை எப்படித் துடைப்பது, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பதெல்லாம் உங்களுக்குக் கொடுத்த ஃபைலில் இருக்கிறது. அதையே நான் திரும்பச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். நானும் விடுவேன். அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை பார்த்தவள் செய்திருக்கக் கூடாத தப்பு. அதை எட்டுப் பிள்ளைகள் எப்படித் தாங்கிப் பிடித்தார்கள் என்று நினைத்தால், வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த நாளிலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

உங்களில் சிலர் வேறு பிரிவுகளிலிருந்து வருகிறீர்கள் என்பதால் ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன். நம் முகாமுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாது. வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்று வைத்திருப்பார்கள். அதன் வழியாக ஒரு பையிலுள்ள இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விடுவார்கள். நாலைந்து மணி நேரம் அது வயிற்றுக்குள் தங்கி, ரத்தத்திலிருக்கும் கழிவையும் மிஞ்சிய நீரையும் இழுத்துக்கொள்ளும். பிறகு அதை வடித்துவிட்டு அடுத்த பையை மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு பை. பரீட்சையானாலும் தீபாவளியானாலும் அதற்கு விடுமுறை கிடையாது. இதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்துகொள்வார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் முகமூடி கட்டிக்கொண்டு, சன்னலைச் சாத்திவிட்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு குழாயைப் பையோடு இணைப்பதை முதல் தடவை பார்க்கும்போது நீங்களும் மூச்சை அடக்கிக்கொள்வீர்கள்.

இவர்களில் சிலருக்கு இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகும். அவர்கள் கொஞ்சம் தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாம். சுத்தமாகப் போகாதவர்களுக்கு, குடித்த ஒவ்வொரு வாய் தண்ணீரும் உடம்பிலேயே தங்கும். முதலில் கால் வீங்கும், பிறகு முகம் வீங்கும், கடைசியில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அதனால் அவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிப்பார்கள். தாகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்றுதான் அவர்களைச் சந்திக்கும்வரை நான் நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துப் போவோம். தோட்டத்தின் பழைய கிளப் கட்டடத்தை எங்களுக்கு நான்கு நாளைக்கு விட்டுக்கொடுப்பார்கள். வியாழக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்குவது வழக்கம். கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலை. காற்றில் ஆலையின் வாசம். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைத் தாண்டி நடந்தால் யாராவது ஒருவர் "வாங்க, தே குடிச்சிட்டுப் போங்க" என்று தேநீருக்குக் கூப்பிடாமல் விடமாட்டார்கள்.

அந்த வருடம் வந்தவர்களில் மூத்தவள் துர்கா. பதினேழு வயது. ஐந்தாம் படிவம், பள்ளியிறுதி எஸ்.பி.எம். பரீட்சை எழுத வேண்டிய வருடம். மலையடிவாரத்தில் தாப்பா பக்கம் வீடு. அப்பா இல்லை. அம்மா தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டு துர்காவையும் அவள் தம்பியையும் வளர்த்தார். சனிக்கிழமை காலையிலிருந்து துர்கா ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. மாத்திரைகளைச் சோற்று உருண்டையில் வைத்து விழுங்கினாள். என்னம்மா என்று கேட்டால் "அப்புறம் சொல்றேன் மிஸ்ஸி" என்றாள். நாலு மணிக்கு எல்லாரும் மேட்டிலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தபோது, பால் விடாத தேநீர் ஒரு மக் நிறையக் கேட்டாள். அளந்து பார்த்தேன். அவள் ஒரு நாளைக்கென்று தனக்கு வைத்துக்கொண்ட மொத்தத் தண்ணீரும் அந்த ஒரு மக்கில் இருந்தது.

"ஒரே மூச்சுல குடிக்கணும்னு ஆசை மிஸ்ஸி. எப்பவும் ரெண்டு வாய் குடிச்சிட்டு நிறுத்திறணும்ல. நிறுத்தாம குடிச்சா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

குடித்தாள். பக்கத்தில் இருந்த மற்ற ஏழு பேரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் பொறாமை இல்லை. பன்னிரண்டு வயது ஹக்கீம் மட்டும் மலாயில், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான். துர்கா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சத்தமா இருந்துச்சு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். "உனக்குத்தான் இன்னும் நல்லா ஒண்ணுக்குப் போகுதே, ஏன்மா இவ்வளவு வருத்திக்கிற?" என்றேன். ஃபைலில் அப்படித்தான் இருந்தது. அவள் மக்கைக் கழுவப் போய்விட்டாள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

முகாமுக்குத் தேவையான பைகளோடு, அவசரத்துக்கென்று கூடுதலாகச் சில பெட்டிகளும் எடுத்துப் போவது விதி. வியாழக்கிழமை ஏறியபோது நல்ல மழை. கூடுதல் பெட்டிகள் இரண்டாவது வேனில் இருந்தன. ஓட்டுநர் "இறக்கவா மிஸ்ஸி?" என்று கேட்டார். சாமான் அறையில் இடம் அடைத்துக் கிடந்தது. அட்டைப் பெட்டி நனைந்துவிடும் என்று ஒரு சாக்கும் இருந்தது. "நாளைக்கு இறக்கிக்கலாம்" என்றேன். வெள்ளிக்கிழமையும் மழை. சனிக்கிழமை மத்தியானம் ஓட்டுநர் காய்கறி வாங்க அந்த வேனிலேயே தானா ராத்தா டவுனுக்குப் போனார். அங்கே அவருக்குத் தங்கை வீடு இருந்தது. இரவு தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாக ஏற்பாடு. பெட்டிகளும் அவரோடு போயின. எனக்கு அது நினைவிலேயே இல்லை.

சனிக்கிழமை இரவு முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. காலை ஏழு மணிக்குத் தோட்டத்துக் கணக்கரான கிராணி ராஜு குடையும் பூட்ஸுமாக வந்து நின்றார். முழங்கால்வரை சேறு.

"மிஸ்ஸி, ரோட்டு இல்ல."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்லதான். வளைவுல பாதி ரோட்ட மண்ணு கீழ இழுத்துட்டுப் போயிருச்சு. வேன விடுங்க, மோட்டர் சைக்கிள்கூட போகாது. சின்ன தொரை போன்ல பேசிக்கிட்டு இருக்காரு. டவுன் பக்கமும் அங்கங்க மண்ணு சரிஞ்சு கெடக்காம். மண்ணு அள்ளுற மெஷின் இங்க வர எப்படியும் நாளைக்கு மத்தியானம் ஆகும்லா."

ஒரு நாள் கூடுதலாக இருக்கலாம், பிள்ளைகளுக்குச் சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் வேன் ஞாபகம் வந்தது. சாமான் அறைக்கு ஓடினேன். பிள்ளைகள் காலைப் பையை மாட்டி முடித்திருந்தார்கள். மிச்சம் இருந்தவற்றை எண்ணினேன். பதிமூன்று. திரும்ப எண்ணினேன். பதிமூன்றுதான். மறுநாள் மத்தியானம் வரைக்கும் எட்டுப் பேருக்கு முப்பத்திரண்டு பை வேண்டும்.

அந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும்போது நம் தப்புக்கு மேலே எப்போதும் ஒரு கூரை இருக்கும். பக்கத்து வார்டு இருக்கும், ஸ்டோர் இருக்கும், யாராவது ஒருவர் ஓடி வருவார். அங்கே எனக்கு மேலே மழைதான் இருந்தது.

போனில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டி மேடு. அங்கே ஏறி எங்கள் டாக்டரைக் கூப்பிட்டேன். வயதில் என் மகள் போல. பதற்றப்படாத பெண். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, தப்பு யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சிஸ்டர், இன்னிக்கு சாயந்தரம் ஒண்ணு, நாளைக்குக் காலைல ஒண்ணு, ஆளுக்கு ரெண்டு இருந்தா சமாளிச்சிறலாம். ரொம்ப நேரம் உள்ளயே வெச்சிருக்கச் சொல்லுங்க. தண்ணி பாதியா கொறைக்கணும். பழம், உருளைக்கிழங்கு வேணாம். பதினாறு வேணும், உங்ககிட்ட பதிமூணு. யாருக்கு நல்லா ஒண்ணுக்குப் போகுதோ அவங்கள்ல மூணு பேருக்கு மட்டும் ஒண்ணு கொறைங்க. யாருக்காவது மூச்சு முட்டினா யோசிக்காதீங்க, எப்படியாவது அந்தச் சரிவத் தாண்டித் தூக்கிட்டுப் போயிருங்க. நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வெக்கிறேன்."

கீழே வந்து ஃபைலைத் திறந்தேன். சிறுநீர் அதிகம் போகும் மூன்று பேர்: துர்கா, யோகேஸ், மெய் லிங். மூன்று பேருக்கு நேரேயும் பென்சிலால் கோடு போட்டேன். இதை அவர்களிடம் சொல்லி ஏன் பயமுறுத்த வேண்டும்? "டாக்டர் உங்க மூணு பேருக்கும் இன்னிக்கு ரெஸ்ட் குடுத்திருக்காங்க" என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். முகத்தில் ஒன்றும் தெரியாமல் இருக்க, அதை இரண்டு மூன்று தடவை எனக்குள் சொல்லியும் பார்த்துக்கொண்டேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பெட்டியை இறக்காதது மறதி. இந்தப் பென்சில் கோடும் இந்தப் பொய்யும் நான் நன்றாக யோசித்துச் செய்தவை. ஆபத்து இவற்றில்தான் இருந்தது.

கூடத்துக்குப் போனேன். எட்டுப் பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். உதவிக்கு வந்திருந்த தொண்டர்கள் இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள் போலிருந்தது. அவர்கள் வாசலில் விழித்துக்கொண்டு நின்றார்கள். வட்டத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது.

"மிஸ்ஸி, உக்காருங்க" என்றான் யோகேஸ். பதினைந்து வயது, ஒல்லி, எப்போதும் கேலி பேசுகிறவன். அன்றைக்குக் கேலி இல்லை.

உட்கார்ந்தேன்.

"பேக் பதிமூணு இருக்கு. கரெக்ட்டா?"

தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. எட்டு ஜோடிக் கண்கள். பிறந்ததிலிருந்து பெரியவர்கள் முகத்தில் உண்மை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பழகிய கண்கள்.

"கரெக்ட்" என்றேன்.

"மிச்சப் பெட்டி வேன்ல இருக்கு."

"ஆமாம்ப்பா. நான்தான் இறக்கச் சொல்லாம விட்டுட்டேன். என் தப்பு." டாக்டர் சொன்னதையும் அப்படியே சொன்னேன். மூன்று பேருக்குக் குறைக்க வேண்டும் என்பதையும்.

யாரும் அழவில்லை. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. யோகேஸ் தலையை ஆட்டிவிட்டு வட்டத்தைப் பார்த்தான். அதற்கப்புறம் நடந்த கூட்டம் பாதி மலாயிலும் பாதி தமிழிலும் நடந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

"சரி. யார் யாருக்கு எவ்வளவு போகுதுன்னு உண்மையச் சொல்லணும். வெக்கப்படக் கூடாது. நான் ஆரம்பிக்கிறேன். எனக்கு நல்லாப் போகுது. ஒரு நாளைக்கு நாலு தடவை. எனக்கு ஒரு பேக் போதும்."

இது என்ன பேச்சு என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்தப் பிள்ளைகளிடம் சிறுநீர் பற்றிக் கேட்பது, மற்றவர்களிடம் எவ்வளவு சொத்து இருக்கிறது என்று கேட்பதைப் போன்றது. இருப்பவன் இல்லாதவன் முன்னால் சொல்லமாட்டான். இல்லாதவன் யாரிடமும் சொல்லமாட்டான். மெய் லிங் தனக்கும் ஒன்று போதும் என்றாள். ஃபைலில் குறைவாகப் போட்டிருந்த இரண்டு பேர், புது மாத்திரைக்குப் பிறகு நன்றாகப் போவதாகச் சொல்லித் தங்களுடையதிலும் ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். மூன்று பேர் போதும் என்ற இடத்தில் நான்கு பேர் ஆகிவிட்டார்கள். ஹக்கீமும் இன்னும் இரண்டு பேரும் தங்களுக்குச் சுத்தமாகப் போவதில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். ஹக்கீம் சொன்னபோது மெய் லிங் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டாள்.

துர்கா மட்டும் வாய் திறக்கவில்லை.

"அக்கா?" என்றான் யோகேஸ்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"எனக்கு வர்றதில்ல. மார்ச்லேர்ந்தே வர்றதில்ல."

"ஃபைல்ல அரை லிட்டருக்கு மேல இருக்கேம்மா" என்றேன் நான். முட்டாள்தனமாக.

"அது எனக்கு இல்ல மிஸ்ஸி. தம்பியோடது."

கிளினிக்கில் ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைப் பாட்டிலில் பிடித்துக் கொண்டுவரச் சொல்வோம். அவள் தன் தம்பியைப் பிடிக்க வைத்திருக்கிறாள். இரண்டு தடவை. நான் அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கி "வெரி குட் துர்கா" என்று சொன்னவள்.

"உண்மையச் சொன்னா வயித்துல விடுறது பத்தாதும்பீங்க. வாரத்துக்கு மூணு நாளு ஆஸ்பத்திரி மெஷின்ல படுக்கணும். அம்மா மூணு நாளு லீவு போட முடியாது மிஸ்ஸி. எனக்கு ஸ்கூல் போயிரும். பரீட்சை முடியற வரைக்கும் சமாளிச்சிறலாம்னு நெனச்சேன். தண்ணி குடிக்காம இருந்தாப் போதும்னு."

என் மடியில் இருந்த ஃபைலில் அவள் பெயருக்கு நேரே பென்சில் கோடு இருந்தது. எட்டுப் பேரில் மிக ஆபத்தான நிலையில் இருந்தவளுக்குத்தான் நான் பையைக் குறைத்து வைத்திருந்தேன்.

அப்போது ஹக்கீம் யோகேஸின் காதில் என்னவோ கேட்க, யோகேஸ் மலாயில் மொழிபெயர்த்தான். ஹக்கீம் கண்ணை அகல விரித்து, "தம்பி சம்மதிச்சானா?" என்றான். "ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேன்" என்றாள் துர்கா, அழுதுகொண்டே. எட்டுப் பேரும் வெடித்துச் சிரித்தார்கள். வயிற்றில் இரண்டு லிட்டர் திரவத்தை வைத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அதற்குள் யோகேஸ் விரலில் கணக்குப் போட்டு முடித்திருந்தான். நான்கு பேருக்கு ஒவ்வொன்று. மூன்று பேருக்கு இரண்டிரண்டு. துர்காவுக்கு மூன்று. பதிமூன்று சரியாக வந்தது.

நான் துர்காவைத் தனியாக அழைத்துப் போனேன். "இப்ப டாக்டர்கிட்ட சொல்லணும்மா. மறைக்க முடியாது. நீ பேசுறியா, நான் பேசவா?" என்று கேட்டேன். "நானே பேசுறேன்" என்றாள். ஒரே குடையில் தொட்டி மேட்டுக்கு ஏறினோம். வழியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். முந்தின நாள் தேநீருக்காக மேட்டுக்கு ஏறும்போதும் அவள் இப்படி நின்றதும், காட்சி பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

போனில் அவள் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. பிறகு டாக்டர், "ஒங்க தம்பிக்குக் கிட்னி ரொம்ப நல்லா இருக்கு துர்கா, அதுல எனக்கு சந்தேகமே இல்ல" என்றார். துர்கா அழுகையும் சிரிப்புமாக என்னைப் பார்த்தாள். அதன் பிறகு டாக்டரின் குரல் மாறியது. என்னோடு பேசும்போது ஒவ்வொன்றாகச் சொன்னார்: துர்கா ராத்திரி தலையணை உயரமாக வைத்துப் படுக்க வேண்டும், மூச்சை எண்ண வேண்டும். மற்றவர்கள் விஷயத்தில் வாய்ச்சொல் போதாது, இன்று போகும் சிறுநீரை எல்லாம் கப்பில் பிடித்து அளக்க வேண்டும். அளந்தோம். ஒவ்வொருவர் கழிவறைக்குள் போகும்போதும் யோகேஸ் கதவுக்கு வெளியே நின்று, "உள்ள தம்பி யாரும் இல்லையே?" என்று கத்தினான். நான்கு பேர் சொன்னதும் உண்மையாகவே இருந்தது.

திங்கட்கிழமை விடியும்போது மழை விட்டிருந்தது. துர்காவுக்கு மூச்சு மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தது. முகம் உப்பியிருந்தது. தலையணையில் சாய்ந்தால் சமாளித்தாள், படுத்தால் முடியவில்லை. பதிமூன்று பைகளில் இரண்டு மட்டும் சர்க்கரை அதிகமுள்ளவை. அவை உடம்பிலிருந்து நீரை வேகமாக இழுக்கும். இரண்டும் ஹக்கீமுக்காக எழுதிக் கொடுத்தவை. ஒன்றை முந்தின நாள் சாயந்தரம் அவன் போட்டுக்கொண்டுவிட்டான். மிச்சமிருந்த ஒன்றை அவனிடம் கேட்கத் திரும்பினேன். அவன் அதை ஏற்கனவே துண்டில் சுற்றி, சுடுநீர்ப் பாட்டிலோடு சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தான். குளிர்ந்த திரவம் உள்ளே போனால் வயிறு வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். "அக்காவுக்கு" என்று தமிழிலேயே சொன்னான். அவனைத் தொட்டுப் பார்த்தேன், வீக்கம் இல்லை. டாக்டரைக் கேட்டேன். மாற்றலாம் என்றார்.

இனிமேல்தான் நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பையை மாட்டிவிட்டுக் காத்திருப்பதா, இல்லை இப்போதே அவளைத் தூக்கிக்கொண்டு சரிவைத் தாண்டுவதா? சரிவில் மண் இன்னும் வழுக்கிக்கொண்டிருந்தது. தூக்குகிறவர்கள் சறுக்கினால் அவளும் போவாள், அவர்களும் போவார்கள். காத்திருந்து மோசமானால் நேரத்தை இழந்தவளாவேன். இரண்டையும் சேர்த்துச் செய்தேன். பையை மாட்டச் சொன்னேன். கிராணி ராஜுவிடம் சொல்லித் தூக்குக் கட்டிலையும் ஆட்களையும் வாசலில் தயாராக நிறுத்தினேன். தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் வங்காளதேசத்து இளைஞர்கள் ஆறு பேர் வந்து நின்றார்கள். எத்தனை மணிவரை காத்திருப்பது என்றும் குறிக்க நினைத்தேன். எனக்கு முன்னால் துர்கா குறித்துவிட்டாள்.

"மிஸ்ஸி, எட்டரை மணிக்கு நான் படுத்துப் பாக்குறேன். அப்பவும் முட்டுச்சுன்னா தூக்குங்க. அதுக்கு முந்தியே நான் ஒளற ஆரம்பிச்சாலும் தூக்கிருங்க. நான் வேணாம்னு சொன்னாலும் கேக்காதீங்க."

பதினேழு வயது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கியது. நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அவள் அதை நான்கு வரியில் முடித்தாள். எதற்காகக் காத்திருக்கிறோம், எதுவரை காத்திருக்கிறோம், இடையில் எது நடந்தால் காத்திருப்பதை நிறுத்துவோம் என்று பயம் தலைக்கேறும் முன்பே சொல்லிவிட வேண்டும். பயம் ஏறிய பிறகு "இன்னும் பத்து நிமிஷம்" என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

எட்டரைக்குத் திரவத்தை வடித்தோம். எங்கள் தராசில் பேட்டரி போயிருந்தது. ராஜு கொழுந்து நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து கிளப் வாசலின் கொக்கியில் மாட்டினார். இரண்டு கிலோ உள்ளே போனது. வடிந்த பையைத் தொங்கவிட்டபோது முள் இரண்டரையைத் தாண்டி நின்றது. "அறுநூறு கூட!" என்றார் ராஜு. கொழுந்தின் எடையைக் கூவுகிற அதே குரல். வாசலில் நின்ற இளைஞர்களுக்கு என்ன புரிந்ததோ, கைதட்டினார்கள். துர்கா மெதுவாகத் தலையணையை எடுத்துவிட்டுத் தட்டையாகப் படுத்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டு மூச்சு விட்டாள். ஏழு பிள்ளைகளும் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். "போலே" என்றாள். முடியும் என்று மலாயில் சொன்னாள், ஹக்கீமுக்குப் புரிய வேண்டுமே என்று.

பதினோரு மணிக்கு அதே ஆறு இளைஞர்கள் சரிவின் அந்தப் பக்கம் வந்து நின்ற வேனிலிருந்து பெட்டிகளை முதுகில் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து, செருப்பில்லாமல் சேற்றில் ஏறி வந்தார்கள். ஒரு பெட்டிகூட நனையவில்லை. தங்கள் மழைக்கோட்டுகளைக் கழற்றிப் பெட்டிகளுக்குப் போர்த்தியிருந்தார்கள்.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். துர்கா அந்த வாரமே ஆஸ்பத்திரி மெஷினுக்கு மாறினாள். அவள் அம்மாவிடம் நாங்கள் பேசினோம். தம்பிதான் பெரிய சண்டை போட்டான், இன்னும் கேட்டிருந்தால் பாட்டிலை நிறைத்தே கொடுத்திருப்பேன் என்று. மெஷினில் படுத்துக்கொண்டே படித்தாள். பரீட்சை எழுதினாள். கணக்கில் தவறிவிட்டு மறுபடி எழுதித் தேறினாள். இப்போது ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கிறாள். யோகேஸுக்கு அவன் மாமா சிறுநீரகம் கொடுத்தார். ஹக்கீம் பதினான்கு வயதில் இறந்துபோனான். தொற்று. நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அம்மா, முகாமில் அக்காவுக்குப் பை கொடுத்த கதையை அவன் எத்தனை தடவை சொன்னான் என்று சொன்னார். உங்கள் பிள்ளைகள் எல்லாரும் அடுத்த வருடமும் வருவார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். இந்த வேலை அப்படிப்பட்டதல்ல.

நான் சொல்ல நினைத்தது செவ்வாய்க்கிழமை இறங்கும்போது நடந்ததைப் பற்றி. மண் அள்ளும் வேலை ஒரு நாள் இழுத்து, பாதை ஓரளவு சரியாகி, வேன் மெதுவாக ரிங்லெட் ஊரைத் தாண்டியது. பின்னால் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யோகேஸ் மட்டும் என் பக்கத்தில் விழித்திருந்தான். எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சாமான் அறையிலிருந்து வெளியே வந்தபோது அவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் எப்படி எண்ணினார்கள்?

"யோகேஸ், பதிமூணுன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "சனிக்கிழமையே தெரியும் மிஸ்ஸி. நாங்க எங்க போனாலும் முதல்ல பேக்கத்தான எண்ணுவோம். வேன் போறப்போ பெட்டி உள்ள இருந்தத மெய் லிங் பாத்துட்டா. ஞாயித்துக்கிழமை காலைல மாட்டுறது போக பதிமூணு மிஞ்சும்னு அப்பவே கணக்குப் போட்டுட்டோம்."

"அப்பவே சொல்லியிருந்தா வேனத் திரும்பக் கூப்பிட்டிருப்பேனேப்பா. ஏன் சொல்லல?"

அவன் சன்னல் கண்ணாடியை விரலால் துடைத்தான்.

"துர்காக்கா தே குடிச்சப்போ நீங்க சிரிச்சீங்கல்ல. வார்டுல நீங்க அப்படிச் சிரிச்சு நாங்க பாத்ததே இல்ல. கெடுக்க வேணாம்னு விட்டுட்டோம். எங்கம்மாகிட்டயும் அப்படித்தான், எல்லாத்தையும் சொல்லமாட்டேன்."

ஆறு நாளாக அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்திருந்தேன். வேன் இரண்டு வளைவு திரும்பியது.

"இனிமே சொல்லு யோகேஸ். என்னன்னாலும் என்கிட்ட சொல்லு."

"சொன்னா அழுவீங்களே."

"அழுவேன். அழுதாலும் சொல்லு."

அவன் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். அங்கே உண்மை இருக்கிறதா என்று தேடினான். தேடி முடித்ததும் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "ஓக்கேலா மிஸ்ஸி" என்றான்.